ஆர்ப்பும் கூடமும்

கிற்றாரைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு நகை விளைக்கலாம். விளைக்கட்டும். யாழைப் பற்றி எழுதினால் ஒருவரும் நகையார். ஆயினும் அந்த யாழை மடியில் வைத்து வாசிப்பாரை எம்மூரில் நான் கண்டதில்லை. கிற்றார் வாசிப்பாரோ எங்கள் ஸ்கந்தபுரத்தில் நால்வர் உளர். அவருள் இருவர் என்னிடம் நன்னூல் படித்தவர்கள். படித்த நன்னூலை மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். நரம்பை மறக்கவில்லை.

அவர்களுள் ஒருவனுக்குக் கனடாவிலுள்ள மாமன் ஒலிப்பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். கண்ணாடிக் குழல்கள் செந்நிறமாய்க் கனலும் பழைய வகைப் பெட்டி. ஐம்பது உவாற்று வலுவுடையது. வயலோரத்து நெல்லறை ஒன்றில் அதனை வைத்து மாலைதோறும் பயில்கின்றனர். வாய்க்காலையும் வயலையும் கடந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் மேசை வரைக்கும் அவ்வொலி வந்துவிடுகின்றது. சனசமூக நிலையத்திற் கூட்டம் கூடிற்று. பெட்டியைப் பூட்டிவிடவேண்டும் என்றனர் ஒரு சாரார். இளைஞர் தீய வழியிற் செல்லாது இசையிற் செல்கின்றனரே, விட்டுவிடுங்கள் என்றனர் மறு சாரார். சத்தத்தைக் குறைத்து வாசித்தால் என்ன என்று நான் கேட்டேன்.

“குறைச்சால் அந்தத் தொனி வராது, ஐயா” என்றான் பெட்டிக்கு உரியவன்.

கூட்டத்தார் சிரித்தனர், சாக்குப்போக்கு என எண்ணினர். அது சாக்கு அன்று. அவன் கூறியது முற்றிலும் உண்மை. அவ்வுண்மையின் காரணத்தை அறிந்துகொண்டால், பெட்டியைப் பூட்டாமலே ஊர் உறங்கலாம், பிள்ளைகள் படிக்கலாம், அவர்களும் வாசிக்கலாம் என்பது என் துணிபு.

எங்கள் பாடசாலை விஞ்ஞான நூல்கள் ஒலிக்குச் சிறப்பியல்புகள் மூன்று கூறும்: சுருதி, உரப்பு, பண்பு. நரம்பு ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றது என்பதைப் பொறுத்தது சுருதி. எவ்வளவு அகன்று அதிர்கின்றது என்பதைப் பொறுத்தது உரப்பு. இவ்விரண்டும் ஒத்திருந்தபோதும், இது குழல், இது நரம்பு என நம் செவிக்குப் பிரித்துக் காட்டுவது பண்பு. ஒரு நரம்பைத் தெறித்தால் அடித்தொனி ஒன்று மாத்திரம் எழுவதில்லை. அதன் இருமடங்கும் மும்மடங்கும் நான்மடங்குமான மீடிறனுடைய மேற்றொனிகளும் உடனெழுகின்றன. அவற்றுள் எது மிக்கது, எது குறைந்தது என்னும் கூட்டுறவே பண்பாவது. இச்சொல்லைத் தெரிந்தெடுத்தவர் எவரோ, அறிந்தே எடுத்தார். பண்பு என்பதனுள்ளே பண் இருக்கின்றது.

அவ்விளைஞன் வேண்டுவது பண்பு. ஊர் வெறுப்பது உரப்பு. இரண்டும் வேறு என்று நூல் கூறுகின்றது. அவனுடைய பெட்டியோ இரண்டையும் ஒரே முடிச்சாய் முடிந்து வைத்திருக்கின்றது. அம்முடிச்சு எங்கே விழுகின்றது என்று காண்போம்.

வெற்றிடக் குழலினுள்ளே கதோட்டு என்னும் பகுதி சூடேறி இலத்திரன்களை உமிழ்கின்றது. அனோட்டு என்னும் தகடு அவற்றை ஈர்க்கின்றது. இரண்டுக்கும் இடையே நெய்யரி எனப்படும் கம்பிவலை நிற்கும். 1906 ஆம் ஆண்டிலே லீ டி பொறெஸ்ற் என்னும் அமெரிக்கர் இவ்வலையை இடையிட்டார். குழல் கொண்டு ஒலியைப் பெருக்குங் கலை அதிலிருந்தே பிறந்தது. இதன் தொழிலை விளங்கிக்கொள்ள எம்மவர் நெடுந்தூரம் போகவேண்டா. அக்கராயன் குளத்துத் துருசை நினைத்துக்கொண்டாற் போதும். துருசைத் திருப்பும் கையின் வலிமை சிறிது. திறந்தவழிப் பாயும் நீரின் வலிமை பெரிது. கை அசைந்தபடி நீர் கூடும், குறையும். நெய்யரியில் வந்து விழும் கிற்றார் நரம்பின் சிற்றதிர்வு அந்தக் கை. குழலினூடு செல்லும் மின்னோட்டம் அந்த நீர்.

துருசு முழுதும் திறந்துவிட்டபின் எவ்வளவு முறுக்கினாலும் மேலும் ஒரு துளி வராது. முழுதும் மூடியபின் எவ்வளவு அழுத்தினாலும் அதனினுங் குறையாது. குழலுக்கும் இவ்வாறே மேலெல்லையும் கீழெல்லையும் உண்டு. எல்லைக்கு அப்பாலும் அதனை ஏவினால், அலையின் முகடுகள் மழுங்கித் தட்டையாகின்றன. முகடு மழுங்கிய அலையில் முன்பு இல்லாத மேற்றொனிகள் தோன்றுகின்றன. திரான்சிற்றர் இம்முகட்டைக் கத்தி கொண்டு வெட்டியதுபோல வெட்டிவிடும். குழல் அங்ஙனம் செய்யாது, எல்லையை அணுக அணுக மெல்ல மெல்ல மழுக்கும். ஆதலின் மெல்லத் தெறித்தால் தெளிவும், வலிதே தெறித்தால் கனிந்த கரகரப்பும் விரலின் குறிப்பறிந்து வருகின்றன. வேறொரு பயனும் உண்டு. முகடு எல்லையில் நிற்பதால், நரம்பின் அதிர்வு தேய்ந்துகொண்டு போகும்போதும் வெளியே கேட்கும் ஒலி நெடுநேரம் தேயாது நிற்கும். குறிலாய் மாயவேண்டிய ஓசை நெடிலாகி, அளபெடையும் கொள்கின்றது. கிற்றார்க்காரர் உயிரைக் கொடுத்தும் இதனை விரும்புவதற்குக் காரணம் இதுவே. ஓவர்ட்றைவ் என்று அவர்கள் சொல்வர். மிகையியக்கம் என்று நான் சொல்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள், ஆயினும் எதனைச் சொல்கிறேன் என்று விளங்கிக்கொள்கிறார்கள்.

முடிச்சு விழும் இடம் இனித் தெளிவாகும். பெட்டியின் முற்பகுதியில் உள்ளவை சிறு குழல்கள். கடைசியில் நின்று ஒலிவாயை இயக்குபவை வலுக்குழல்கள். இவ்வலுக்குழல்கள் தம் எல்லையைத் தொடும்போது எழும் பண்பையே இளைஞர் பெரிதும் நாடுவர். ஐம்பது உவாற்றுப் பெட்டியின் எல்லை ஐம்பது உவாற்று. அதனைத் தொடாதவரை பெட்டி ஒழுங்காக, சாதுவாக, உயிரின்றி ஒலிக்கும். தொட்டால் உயிர் வரும், ஊர் எழும்.

சிலப்பதிகாரத்து வேனிற்காதையிலே மாதவி யாழ் வாசிக்குமிடத்து, இளங்கோவடிகள் யாழுக்குரிய குற்றங்கள் நான்கினைப் பெயர் சொல்லிச் செல்கின்றார். செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்பன அவை. ஆர்ப்பு என்பது அளவிறந்து ஒலித்தல். கூடம் என்பது ஓசை மழுங்கி உள்ளடங்குதல். இவ்விரண்டையும் மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்திருக்கிறேன். உரை கூறி நகர்ந்துவிடுவது வழக்கம். நெல்லறையிற் சென்று நின்று அப்பெட்டியைக் கேட்டபோதுதான் அவை இரண்டும் ஒரே கருவியின் இரு கரை எனக் கண்டேன். திருகைக் கூட்டினால் ஆர்ப்பு. குறைத்தால் கூடம். இடையிலே நின்று பண் பாடவேண்டும். அது அவ்விளைஞர்க்கு மாத்திரம் நேர்ந்த இடர் அன்று. நரப்புக் கருவி தோன்றிய நாள் முதலாக உள்ளது.

இவ்விடத்தில் என் நண்பராகிய புலவர் ஒருவர் தடை எழுப்பினார். “அதிர்வும் குற்றம் என்றுதானே அடிகள் கூறினார்? அவர்கள் விரும்பும் கரகரப்பு அதிர்வு அல்லாமல் வேறு என்ன? குற்றத்தைக் குறைந்த சத்தத்தில் வாசித்தால் குணமாகுமோ?” என்றார்.

தடை வலியது. விடையும் உண்டு. தம்புராவை எடுத்துப் பாருங்கள். குதிரைக்கும் நரம்புக்கும் இடையே ஒரு நூலிழையைச் செருகுகின்றோம். ஜீவா என்று அதற்குப் பெயர். அந்நூல் இல்லாவிட்டால் தம்புரா ‘டம்’ என்று ஒலித்து அடங்கிவிடும். நூலைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்ததும் நரம்பு குதிரையின் முதுகைத் தொட்டுத் தொட்டு அதிர்ந்து, தேனீக் கூட்டம்போல் ரீங்கரிக்கும். நரம்பு தடையின்றி அதிரவேண்டும் என்பதே விதியானால் அது விதிமீறல். ஆனால் அதனையே உயிர் என்கிறோம். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் 1921 இல் தம்புராவையும் வீணையையும் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். நரம்பை எவ்விடத்தில் தெறிக்கின்றோமோ, அவ்விடத்தில் அசைவற்று நிற்கவேண்டிய மேற்றொனிகள் எழமாட்டா என்பது ஐரோப்பிய விஞ்ஞானிகள் கண்ட விதி. நம்முடைய கருவிகளில் அவையும் வலிமையாக எழுகின்றன என்றும், அகன்று வளைந்த குதிரையின் அமைப்பே அதற்குக் காரணம் என்றும் அவர் காட்டினார். செவிக்கு நிறைவு தருவதற்காகவே வேண்டுமென்று சேர்க்கப்பட்ட அதிர்வு அது. ஏவாத அதிர்வு குற்றம். ஏவிய அதிர்வு அணி. வழுவமைதி என்று ஒன்றை இலக்கணத்தில் ஒப்புக்கொண்டவர்கள் இசையில் அதனை மறுப்பது பொருந்தாது.

இன்னும் நோக்குக. தம்புராவின் நிறைவுக்கு உரப்பு வேண்டியதில்லை. பாடுபவரின் தோளருகே, பாட்டை மறைக்காமல், அவ்வளவு மேற்றொனியும் எழுகின்றது. நிறைந்த பண்பும் தாழ்ந்த உரப்பும் ஒருங்கே நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. நம்முன்னோர் ஒரு நூலிழையால் செய்த காரியத்தையே மேனாட்டார் மின்னாற் செய்ய முயன்று, அறுபது எழுபது ஆண்டுகளாய் அல்லற்படுகின்றனர்.

நரம்புகளின் உறவு பற்றிய செய்தி ஒன்றையும் ஈண்டுச் சேர்க்கலாம். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது பழந்தமிழ் இசைமரபு. மிகையியக்கத்தில் இரு நரம்புகளை ஒருங்கே ஒலித்தால், குழல் அவற்றைக் கலந்து, இரண்டின் கூட்டலும் கழித்தலுமாகிய புதுத் தொனிகளைப் பிறப்பிக்கும். குரலும் இளியும் இரண்டுக்கு மூன்று என்னும் விகிதத்தன. அவற்றின் வேறுபாடாகிய ஒன்று, குரலுக்குக் கீழ்த்தானத்துக் குரலே. ஆதலின் எல்லாம் இணங்கி ஒரே பெருநரம்புபோல் ஒலிக்கும். மூன்றாம் நரம்போ கிற்றாரின் மெட்டுப் பகுப்பில் தூய விகிதத்திலிருந்து சற்று விலகி நிற்பது; அதனைச் சேர்த்தால் புதுத் தொனிகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கும். எனவே மேனாட்டு உரத்த இசைக்காரர் மூன்றாவதை விட்டு, முதலும் ஐந்தும் மாத்திரம் பிடிக்கின்றனர். கிளையைக் கொண்டு பகையைத் தள்ளினர். இளங்கோவடிகள் மின்கிற்றாரை அறிந்திருந்தார் என்று நான் கூறவரவில்லை. அவ்வாறு கூறத் துணிவார் நம்மிடையே உளர், அவர்களுக்கு இப்பத்தி உதவவேண்டா. செவியின் இயல்பு ஈராயிரம் ஆண்டில் மாறவில்லை என்பதே நான் காண்பது.

இக்கரகரப்பு முதலில் விபத்தாய்ப் பிறந்தது. 1951 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ‘ரொக்கற் 88’ என்னும் பாட்டு ஒலிப்பதிவானபோது, கிற்றார்க்காரரின் பெட்டி வழியிற் பழுதுற்றிருந்தது, அப்பழுதோடே பதிந்தனர், அது பிடித்துப்போயிற்று. 1964 இல் இலண்டனில் டேவ் டேவிஸ் என்னும் இளைஞர் தம் சிறு பெட்டியின் ஒலிவாயைச் சவர அலகாற் கீறி அத்தொனியைப் பெற்றார். பெட்டிகள் பெருத்தது வேறு காரணம் பற்றி. ஜிம் மார்ஷல் என்பவர் 1962 இல் இலண்டன் ஹன்வெல்லிலுள்ள தம் கடையிற் பெட்டி செய்யத் தொடங்கினார். சில ஆண்டுகளில் நூறு உவாற்றுப் பெட்டிகளை இசைக்குழுவினரே கேட்டு வாங்கினர். 1965 ஆகத்து மாதத்தில் நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீற்றில்ஸ் குழுவினர் வாசித்தபோது கூடியிருந்தோர் ஏறத்தாழ ஐம்பத்தையாயிரவர். நூறு உவாற்றுப் பெட்டிகள் இருந்தும் கூட்டத்தின் கூச்சலில் அவர்கள் இசை அவர்களுக்கே கேட்கவில்லை. அத்தகைய கூட்டத்துக்கென எழுந்த மரபின் வழிவந்த பெட்டியொன்று, நெல்மூட்டைகளும் நான்கு பையன்களும் உள்ள அறையில் இன்று கிடக்கின்றது. இடப்பொருத்தம் இல்லை என்பதன்றி அதனிடம் வேறு குற்றம் காணேன்.

அப்படியாயின் ஐம்பதுக்குப் பதிலாக இருபத்தைந்து உவாற்றுப் பெட்டி வாங்கினால் சத்தம் பாதியாகும் என்று கூட்டத்தில் ஒருவர் கூறினார். ஆகாது. நம் செவி கூட்டலால் அளப்பதில்லை, பெருக்கலால் அளக்கின்றது. வலுவைப் பாதியாக்கினால் மூன்று தெசிபெல் மாத்திரமே குறையும். கூர்ந்து கேட்பார்க்கே வேறுபாடு தெரியும். செவிக்குப் பாதி எனத் தோன்றவேண்டுமானால் பத்துத் தெசிபெல் குறைக்கவேண்டும். அஃதாவது வலு பத்திலொன்றாக வேண்டும். ஐம்பது ஐந்தாகவேண்டும். மேலும் பாதிக்கு அரை உவாற்றாகவேண்டும். கிற்றார் ஒலிவாய்கள் பல, ஒரேயொரு உவாற்றை ஊட்டினாலே, ஒரு மீற்றர் தொலைவில் நூறு தெசிபெல்லை அணுகி ஒலிக்க வல்லன. வெளியிலே தொலைவு இரட்டிக்குந்தோறும் ஆறு தெசிபெல் குறையும் எனக் கணக்கிட்டால், அவ்வொரு உவாற்றே அறுபத்து நான்கு மீற்றருக்கு அப்பால் இருவர் அருகிருந்து உரையாடும் அளவுக்குக் கேட்கும். உவாற்று என்னும் சிறு சொல்லுக்குள் இத்துணைப் பேரொலி அடங்கியிருப்பதை எவரும் எண்ணுவதில்லை.

இனி, முடிச்சை அவிழ்க்கும் வழிகள். எளியது சிறு பெட்டி. எல்லை ஐந்து உவாற்றாயின் ஐந்து உவாற்றிலேயே குழல் கனிந்துவிடும். எரிக் கிளாப்ரனும் டுவேன் ஆல்மனும் 1970 இல் மயாமி நகரில் ‘லெய்லா’ இசைத்தட்டைப் பதிந்தபோது, கைப்பெட்டி அளவான பென்டர் சாம்ப் பெட்டிகளையே பயன்படுத்தினர். கேட்டவர்கள் மலைபோன்ற பெட்டிகளைக் கற்பனை செய்துகொண்டனர். ஆனால் எங்கள் பையனிடம் உள்ளது பெரிய பெட்டி. மாமன் அனுப்பியதை மாற்று என்றால் அவன் முகம் வாடும்.

இரண்டாவது, முற்குழல்களை மாத்திரம் மிகையியக்கிவிட்டுக் கடைவாயில் இன்னொரு திருகு வைத்து வலுவைக் குறைப்பது. 1970களிலே அமெரிக்காவில் றண்டால் சிமித் என்பவரும் பின் மார்ஷல் நிறுவனத்தாரும் இவ்வாறு செய்தனர். இன்று பெரும்பாலான பெட்டிகளில் இத்திருகு உண்டு. கரகரப்பு கிட்டும், வலுக்குழலின் கனிவு கிட்டாது. காலால் மிதிக்கும் சிறு பெட்டிகளும் ஏறக்குறைய இவ்வினத்தனவே.

மூன்றாவதே என் மனத்துக்கு உகந்தது. பெட்டிக்கும் ஒலிவாய்க்கும் இடையே ஒரு கருவியைப் பொருத்துவது. தணிப்பி என்று பெயரிட்டேன். பெட்டி தன் ஐம்பது உவாற்றையும் முழுமூச்சாய் உமிழும். தணிப்பி அதில் நாற்பத்தொன்பதைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிட்டு, ஒன்றை மாத்திரம் ஒலிவாய்க்கு விடும். ரொம் ஷோல்ஸ் என்னும் பொறியியலாளர், பொஸ்ரன் என்னும் இசைக்குழுவின் தலைவர், இத்தகைய கருவியொன்றைச் செய்து 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு விட்டார். பண்பு முழுதும் பிறந்தபின் உரப்பைக் குறைக்கும் வழி இது. ஏனைய வழிகள் பண்பு பிறக்கும் இடத்திலேயே கைவைப்பன. குறையும் உண்டு. வெறுந்தடைக் கம்பியாற் செய்த தணிப்பி தொனியைச் சற்று மழுக்கும், அஃதாவது கூடம் மீண்டும் தலைகாட்டும்; ஒலிவாயின் இயல்பைப் போன்றே நடந்துகொள்ளுமாறு சுருளும் கொள்ளளவியும் சேர்த்துச் செய்தவை மேலானவை, விலையும் மேலானவை. குழல்கள் முழுவலுவில் உழைப்பதால் விரைவில் தேயும். பெட்டியின் ஓம் அளவும் தணிப்பியின் ஓம் அளவும் ஒத்திருக்கவேண்டும்.

இதனை வாசிக்கும் இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. ஒலிவாயோ தணிப்பியோ தொடுக்காமல் குழற்பெட்டியை ஒருபோதும் இயக்கவேண்டா, மின்மாற்றி எரிந்துபோகும். பெட்டியைத் திறந்து விரலிடவும் வேண்டா. உள்ளே நானூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு; மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகளில் அது உறைந்து நின்று உயிரைக் குடிக்கும். தெரிந்த கைவினைஞரிடம் கொடுங்கள்.

இத்தனைக்குப் பின்னும் ‘முன்புபோல் இல்லையே’ என்பான் வாசிப்பவன். அது கருவியின் குற்றமன்று. பிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்கர் இருவர் 1933 இல் ஆராய்ந்து கண்டபடி, ஒலி தாழுந்தோறும் நம் செவி கீழ்த்தொனிகளை மிகுதியாக இழக்கின்றது. தாழ்ந்த ஒலியில் எந்தக் கருவியும் மெலிந்தே கேட்கும். கீழ்த்தொனித் திருகைச் சற்றுக் கூட்டிக்கொள்க. எஞ்சியதைச் செவி பழகிக்கொள்ளும்.

செவி பழகும் என்று கூறும்போது, எம்மூர்ச் செவியைப் பற்றியும் கூறாதிருக்க இயலாது. 1990களிற் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோ தந்த சிறு மின்னில் வானொலி கேட்டோம். அரை உவாற்றும் இராது. முற்றம் நிறைய ஆட்கள் மூச்சடக்கி இருந்து கேட்டனர். ஒரு சொல் தப்பவில்லை, ஒரு சங்கதி தப்பவில்லை. 1996 இல் கிளிநொச்சி நகரம் பெயர்ந்து வந்தபோது ஸ்கந்தபுரத்து மரநிழல்கள் எல்லாம் வீடுகளாயின. 2008 இன் பிற்பகுதியில் ஸ்கந்தபுரமே பெயர்ந்தது. அக்காலத்துப் பேரொலிகளை நான் விரிக்கப்போவதில்லை. அயல்வீட்டு ஆச்சி ஒருவர், நெல்லறையிலிருந்து தாழ்ந்த அதிர்வு வரும்போதெல்லாம் உள்ளங்கையை நிலத்தில் ஊன்றிப் பார்க்கிறார். அது இசை என்பதை அவர் அறிவார். கை அறியவில்லை. பையன்களிடம் இதனைக் கூறினேன். அவர்கள் 2009 இல் மடியிலிருந்த குழந்தைகள், ஒன்றும் பேசவில்லை, மறுநாள் பெட்டியை நிலத்திலிருந்து தூக்கி நெல்மூட்டைகளின்மேல் வைத்து, வாயை வயற்பக்கத்திலிருந்து உட்சுவர்ப் பக்கமாகத் திருப்பியிருந்தனர். நிலத்தில் ஓடும் அதிர்வு அதனாலேயே பெரிதும் குறைந்தது. பூட்டு எதற்கு என்று அன்று மீண்டும் எனக்குத் தோன்றிற்று.

கிற்றார் நம்முடையதன்று என்பாரும் கூட்டத்தில் இருந்தனர். வயலின் யாருடையது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதனை ஐரோப்பியரிடம் கற்றுத் தமதாக்கினார். இன்று அதின்றிக் கச்சேரி இல்லை. ஈழத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் துள்ளிசை பாடிய காலத்திலேயே கிற்றார் நம்மிடம் குடிபுகுந்துவிட்டது. விபுலாநந்த அடிகளை நினைக்கிறேன். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. இரண்டும் ஒருவரிடத்தே இருந்தமையால்தான் நரம்பின் நீளத்தைக் கணக்கிட்டு யாழ் நூலை ஆக்க முடிந்தது. 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அவர் இருந்திருந்தால் நெல்லறைக்கு வந்து, பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருப்பார்.

கடைசியாக, பூட்டு என்று உரத்துக் கூறிய பெரியோர்களிடம் ஒரு வினா. கோயிற் கோபுரத்திலும் வேம்பிலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் விடியுமுன்பே எழுப்பும் ஒலி யாது? ஒலியை ஒரு முகமாய்க் குவித்து எறியவென்றே கூம்பு அமைந்தது. சிறு வலுவே போதும். அதற்குப் பெருவலுவை ஊட்டி, தாங்கொணாத அளவுக்கு ஏவி, பத்திப் பாடலைக் கரகரக்கச் செய்கின்றோம். அதுவும் மிகையியக்கமே. பையன்கள் தெரிந்து செய்கின்றனர். நாம் தெரியாமற் செய்கின்றோம். இங்கேதான் அதிர்வு மெய்யாகவே குற்றம். திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை நீண்ட பாரி நாகசுரத்தைப் பரப்பியது, பழைய திமிரியின் உச்சச் சுருதி தணிந்து நாதம் கனக்கவேண்டும் என்பதற்காக. இணுவில் தெட்சணாமூர்த்தியின் தவிலை வீதியில் நின்று கேட்டவர்கள், அதன் நாதத்தைச் சொல்வார்களேயன்றி அதன் சத்தத்தைச் சொல்வதில்லை. அத்தகைய கருவிகளின் வாயில் ஒலிவாங்கியைச் செருகிக் கூம்பினால் துப்புவது யாருக்குச் செய்யும் தொண்டு? வெலிகமவிலிருந்து சென்ற வழக்கொன்றில், 2007 நவம்பர் 9 ஆம் நாள் உயர் நீதிமன்றம், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்பதைப் பொதுவிதியாக உரைத்தது. சிறப்புச் சமய விழாக்கள் முதலியவற்றுக்கு, அயலவர் கருத்தை அறிந்து, குறித்த காலத்துக்கு மாத்திரம் அனுமதி வழங்க அது இடம் விட்டது. அத்தீர்ப்பைக் கிற்றாருக்கு மாத்திரம் வாசித்துக் காட்டுவது நடுவுநிலைமையன்று.

சனசமூக நிலையத்தாரிடம் நான் எழுத்திற் கொடுத்திருப்பது இவ்வளவே. தணிப்பி ஒன்று வாங்குவதற்கு நிலையம் பாதிப் பணம் கொடுக்கட்டும். மீதியைப் பையன்கள் சூடு மிதிக்கும் காலத்திற் கூலிவேலை செய்து கட்டுவதாக ஒப்பியுள்ளனர். பரீட்சை மாதங்களில் மாலை ஆறு மணிக்குப்பின் வாசிப்பு இல்லை. அளவை பெட்டியினருகே எடுக்கவேண்டா. வயலுக்கு அப்பால் படிக்கும் பிள்ளையின் மேசையருகே நின்று எடுக்கவேண்டும். அப்பிள்ளை புத்தகத்திலிருந்து தலைநிமிர்ந்தால் ஒலி மிகை, நிமிராவிட்டால் அளவு. அதே நாளில், அதே மேசையருகே நின்று, கோயிற் கூம்புகளையும் அளக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பையன்கள் உடனே சரி என்றார்கள். கோயில் நிருவாக சபையார் இன்னும் நாள் குறிக்கவில்லை.